நாகவல்லிக்குக் கிடைத்த விருது யாருக்குரியது?

2025 ஜனவரி 25 அன்று பத்ம விருதுப் பட்டியல் வெளியானபோது தமிழ்நாட்டில் பேச்செல்லாம் அஜித்குமாரைப் பற்றித்தான். அந்த ஆண்டு பத்ம பூஷண் பட்டியலில் தமிழ்நாடு என்று குறிக்கப்பட்டிருந்த பெயர்கள் மூன்று. அஜித் ஒருவர், நல்லி குப்புசாமி செட்டியார் இன்னொருவர். மூன்றாவது வரியில் ஷோபனா சந்திரகுமார் என்று இருந்தது. தந்தை பெயர் சேர்ந்து வந்ததால் யாரிவர் என்று ஒரு நொடி யோசித்தவர்கள் உண்டு. 'தளபதி' ஷோபனா என்றதும் ஓகோ என்றார்கள். கேரளத்தில் அந்தக் குழப்பமே இல்லை. அங்கே அவர், திரையில் ஏற்ற பாத்திரத்தின் பெயரால், நாகவல்லி.

அவருக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். சிறந்த நடிகைக்கான முதல் தேசிய விருது மலையாளப் படத்துக்கு. இரண்டாவது தேசிய விருது ஆங்கிலப் படத்துக்கு. 2006இல் பத்மஸ்ரீ. பிறகு பத்ம பூஷண், அதில் மாநிலம் தமிழ்நாடு. பிறந்தது திருவனந்தபுரம், வாழ்வதும் ஆடுவதும் கற்றுத் தருவதும் சென்னை. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். ஆனால் தேசிய விருது பெற்ற இரண்டில் ஒன்றுகூடத் தமிழ்ப் படம் கிடையாது. இத்தனைக்கும் முதல் விருதை வாங்கித் தந்த பாத்திரம் திரையில் பேசியது தமிழ்.

அந்தப் படம் 1993 டிசம்பரில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்'. தாழ் என்றால் நம் தாழ்ப்பாள்தான், சித்திர வேலைப்பாடு செய்த பூட்டு. ஃபாசில் இயக்கம், மது முட்டத்தின் எழுத்து. ஒரு பழைய தறவாட்டு வீடு, அதாவது பரம்பரைக் குடும்ப வீடு, அதில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. முற்காலத்தில் அந்த வீட்டுக் காரணவர் (குடும்பத் தலைவர்) தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த நாகவல்லி என்ற நடனக்காரி அங்கே கொல்லப்பட்டாள் என்பது கதை. கல்கத்தாவிலிருந்து கணவனோடு வந்து இறங்கும் கங்கை அந்தப் பூட்டைத் திறக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக நாகவல்லியாகிறாள். பேய்ப்படம் போலத் தொடங்கி மனநோய்ப் படமாக முடியும். அரண்மனைக் காட்சிகளில் ஒரு பகுதியை எடுத்தது பத்மநாபபுரத்தில். கன்னியாகுமரி மாவட்டம் என்பதால் அதுவும் தமிழ்நாட்டு மண்தான்.

சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது படத்துக்குக் கிடைத்தது. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை விருது. கேரள அரசின் சிறந்த நடிகை விருதும் அதே பாத்திரத்துக்குத்தான். ஜனரஞ்சகப் படத்தில் நடித்தவருக்குத் தேசிய விருதுக் குழு கை நீட்டியதே அந்நாளில் அபூர்வம். அதே ஆண்டு சிறந்த நடிகர் விருது மம்மூட்டிக்கு, 'விதேயன்', 'பொந்தன்மாடா' ஆகிய இரண்டு படங்களுக்காக. இரண்டுமே கலைப்படங்கள். விருதுக் குழு என்றால் எப்படிப்பட்ட படத்தைத் தேடும் என்பதற்கு அவை சரியான மாதிரி. அந்த வரிசையில், வீட்டோடு கூடிப் போய்ச் சிரித்துப் பயந்து பார்த்த ஒரு படத்தின் கதாநாயகியும் வந்து நின்றார்.

ஏன் அப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். நகை வாங்க வெளியே கிளம்பி நிற்கிறாள் கங்கை. மருத்துவர் சொல்லிவைத்தபடி, இப்போது போகவேண்டாம் என்கிறான் கணவன் நகுலன். முதலில் அவள் முகத்தில் வருவது சாதாரண மனைவியின் சின்ன ஏமாற்றம்தான். ஏன் போகக்கூடாது என்று கேட்கிறாள். அவன் மறுக்கிறான். இந்த இடத்தில் கவனிக்கவேண்டியது அவள் கழுத்தை. தலை அசையாமல் இருக்க, கண்கள் மட்டும் கீழிருந்து மேலே வருகின்றன. தோள் ஒரு பக்கம் உயர்கிறது. பேச்சு மலையாளத்திலிருந்து தமிழுக்குத் தாவுகிறது. "விடமாட்டே?" என்று அவள் இழுக்கும்போது கை கட்டிலைப் பற்றித் தூக்கிவிட்டிருக்கிறது. அவன் பயந்துபோய்ப் பெயர் சொல்லிக் கத்தியதும் கட்டில் விழுகிறது. உடம்பிலிருந்த காற்றெல்லாம் இறங்கிப்போனவளைப் போலக் கங்கை திரும்பி வருகிறாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் சில நிமிடங்கள்தான். பெரிய ஒப்பனை மாற்றம் எதுவும் கிடையாது. புடவைகூட அதேதான்.

இதை நடிப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். பரதநாட்டியம் கற்றவர்கள் அபிநயத்தை நான்காகப் பிரிப்பார்கள்: உடம்பால் சொல்வது ஆங்கிகம், வாய்மொழியால் சொல்வது வாசிகம், உடை, அணி, ஒப்பனையால் சொல்வது ஆஹார்யம், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் கண்ணீராகவும் நடுக்கமாகவும் வெளிப்படுவது சாத்விகம். கட்டில் காட்சியில் ஆஹார்யத்துக்கு வேலையில்லை. மிஞ்சுவது மூன்று. அந்த மூன்றில் வாசிகம் ஷோபனாவுடையது இல்லை.

இது பலருக்கு இன்றும் ஆச்சரியம் தரும் செய்தி. கங்கையாக மலையாளம் பேசிய குரல் பாக்கியலட்சுமியுடையது. அந்தக் காலத்து மலையாளக் கதாநாயகிகள் பலருக்கு வாயாக இருந்தவர் அவர். நாகவல்லியாகத் தமிழில் உறுமிய குரலும் அவருடையதே என்றுதான் கேரளம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தது. அதைப் பேசியது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர் என்று பிற்காலத்தில் இயக்குநர் ஃபாசிலே வெளிப்படுத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆக, ஒரு பாத்திரம், மூன்று பெண்கள். ஒருவர் உடம்பு, ஒருவர் மலையாளம், ஒருவர் தமிழ். பாட்டையும் கணக்கில் எடுத்தால் கே.எஸ். சித்ராவோடு நான்கு.

தேசிய விருதில் பின்னணிப் பாடகிக்கு இடம் உண்டு. பின்னணி பேசுபவருக்கு இடமில்லை. பாடுகிற குரலுக்கு வெள்ளித் தாமரைப் பதக்கம், பேசுகிற குரலுக்கு ஒன்றுமில்லை. கேரள அரசு 1990களின் தொடக்கத்திலேயே டப்பிங்குக்குத் தனி விருது வைத்துவிட்டது. டெல்லியில் அந்தத் தட்டு இன்னும் செய்யப்படவில்லை. அப்படியானால் ஷோபனாவின் விருதில் பாதியைக் கழித்துவிடவேண்டுமா என்று ஒரு நண்பர் என்னிடம் வம்புக்குக் கேட்டார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கங்கை எந்த நொடியில் நாகவல்லியாகிறாள் என்று காது கேளாமலே விரல் வைத்துச் சொல்லிவிடலாம். தமிழ் வந்தபிறகு அவள் மாறவில்லை. அவள் மாறியபிறகுதான் தமிழ் வருகிறது. குரல் வரும் முன்பே வேலையை முடித்துவிட்ட கழுத்துக்கும் கண்ணுக்கும் தோளுக்கும் கிடைத்த விருது அது. அந்தக் கழுத்தும் கண்ணும் தயாரானது படப்பிடிப்புத் தளத்தில் இல்லை, சென்னையில் சித்ரா விஸ்வேஸ்வரனிடம் கற்ற நடன வகுப்பில்.

'ஒருமுறை வந்து பார்த்தாயா' பாட்டில் இது இன்னும் வெளிப்படை. எம்.ஜி. ராதாகிருஷ்ணன் குந்தளவராளி ராகத்தில் அமைத்தது. தமிழ் வரிகளை எழுதியவர் நம் வாலி. திரையில் இரண்டு நடனங்கள் மாறிமாறி வருகின்றன. ஒன்று கங்கையின் மனத்தில் நடப்பது: விளக்கொளி, தலைசாமான் முதல் சலங்கை வரை முழு அலங்காரம், எதிரே காதலன் ராமநாதன். மற்றொன்று வீட்டார் கண்ணெதிரே நடப்பது: அவிழ்ந்த கூந்தல், வழிந்த மை, தடுமாறும் கால். ஒரே உடம்பு முதலில் அடவை, அதாவது நாட்டியத்தின் அடிப்படை அசைவை, சுத்தமாகப் பிடித்துக் காட்டுகிறது, உடனே அதையே சிதைத்துக் காட்டுகிறது. அடவு தெரியாதவர் தப்பாக ஆடினால் அது வெறும் தப்பு. தெரிந்தவர், எங்கே உடையவேண்டுமோ அங்கே மட்டும் உடைத்தால்தான் பைத்தியம் தெரியும்.

இதே கதை பிறகு நான்கு மொழிகளுக்குப் போயிற்று. கன்னடத்தில் 2004இல் சௌந்தர்யா. படம் வெளிவருவதற்குள் அவர் விமான விபத்தில் போய்விட்டார். தமிழில் 2005இல் ஜோதிகா. வங்காளத்தில் ஒரு படம். இந்தியில் 2007இல் வித்யா பாலன். ஜோதிகாவின் உருட்டிய விழியும் சௌந்தர்யாவின் கோபமும் சாதாரணமானவை என்று சொல்லமாட்டேன். ஆனால் தேசிய விருது இவர்களில் யாருக்கும் இந்தப் பாத்திரத்துக்காகக் கிடைக்கவில்லை. மறுபதிப்புக்கு மவுசு குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. மலையாளத்தில் பேய் தமிழ் பேசியது. தமிழுக்கு வந்ததும் அதே பேய் தெலுங்கு பேச ஆரம்பித்தது. இந்திக்குப் போனபோது வங்காளம் பேசியது. ஒவ்வோர் ஊரும் தன் பேய்க்குப் பக்கத்து ஊர் மொழியைக் கொடுத்தது. முழுக்கப் புரியாத, ஆனால் காதுக்கு அந்நியமாகவும் இல்லாத மொழியை. மலையாளிகளுக்கு அந்த இடத்தில் தமிழ் வந்ததற்கு இன்னொரு நியாயமும் உண்டு. நடனக்காரி என்றால் அவள் தஞ்சாவூரிலிருந்து வரவேண்டும். பரதநாட்டியத்துக்குக் கேரளம் போட்ட கும்பிடு என்றுகூட அதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். ஷோபனா திருவிதாங்கூர் சகோதரிகளான லலிதா, பத்மினி, ராகிணி வீட்டுப் பெண். அந்தப் பத்மினிதான் 1968இல் தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நடனக்காரியாக, மோகனாம்பாளாக வந்து நின்றவர். தேசிய விருதுகள் 1954 முதல் இருந்தாலும் நடிகர் நடிகையருக்குத் தனி விருது என்பது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் நடிகை நர்கிஸ். சாவித்திரி, பானுமதி போன்றவர்கள் உச்சத்தில் இருந்தபோது அப்படியொரு விருதே கிடையாது. அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது மோகனாம்பாள் வந்த ஆண்டு, விருது சாரதாவுக்குப் போனது. 'துலாபாரம்' என்ற மலையாளப் படம், கண்ணீரில் நனைந்த ஏழைத் தாய். தகுதியில்லாத விருது என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அந்த விருதுக்கு அப்போது வைத்திருந்த பெயர் ஊர்வசி. இந்திரசபை நடனக்காரியின் பெயர்! நடனக்காரியாகவே நடித்த பத்மினிக்கு ஊர்வசி கிடைக்கவில்லை. அந்தப் பெயர் வழக்கொழிந்து வெள்ளித் தாமரை ஆனபிறகு, இருபத்தைந்து ஆண்டு கழித்து, அதே வீட்டிலிருந்து வந்த இன்னொரு பெண்ணுக்கு நடனக்காரி பாத்திரத்துக்காக அந்த விருது வந்தது.

இரண்டாவது தேசிய விருது 2001ஆம் ஆண்டுக்கானது. 'மித்ர், மை ஃப்ரெண்ட்'. நடிகை ரேவதி இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவு, எழுத்து, படத்தொகுப்பு என்று முக்கியப் பொறுப்புகளில் எல்லாம் பெண்கள். ஆங்கிலப் படம் என்றாலும் கதாநாயகி சிதம்பரத்துப் பெண், பெயர் லட்சுமி. அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிக் கலிபோர்னியா போகிறாள். மகள் வளர்ந்து கைக்கு எட்டாத தூரத்துக்குப் போகிறாள், கணவனுக்கும் அவளுக்கும் பேச ஒன்றுமில்லாமல் போகிறது. கணினியில் முகம் தெரியாத ஒரு நண்பரோடு எழுதிப் பேசத் தொடங்குகிறாள். அந்த நண்பர் யார் என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

நாகவல்லிக்கு நேர் எதிர் இந்த லட்சுமி. தூக்குவதற்குக் கட்டில் இல்லை, விரித்துப்போட முடி இல்லை. கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பெண்ணை எவ்வளவு நேரம் பார்க்கமுடியும்? நாட்டியத்தில் பதம் என்று ஒன்று உண்டு. ஆடுபவர் உட்கார்ந்தபடியேகூட ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட்டில் கேட்டு, ஒவ்வொரு முறையும் முகத்தில் வேறொரு பொருளைக் காட்டுவார். கணினி முன் உட்கார்ந்த லட்சுமியைப் பார்க்கையில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. படம் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதையும், பீனா பாலுக்குப் படத்தொகுப்பு விருதையும் பெற்றது. நடிகை விருதை அந்த முறை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். மற்றவர் 'சாந்தினி பார்' தபு. இந்தி ஊடகங்களுக்குத் தபுவின் பெயர் போதுமானதாக இருந்தது. தமிழில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களே குறைவு. கேரளத்தில் நாகவல்லியைக் கடந்து யாரும் வரவில்லை. ஆக, இரண்டாவது விருது வீடில்லாத விருதாகவே இன்றுவரை இருக்கிறது. நடிப்பென்று பார்த்தால் இதுதான் கடினமானது என்பது என் கட்சி. ஒத்துக்கொள்பவர்கள் அதிகம் இல்லை.

தமிழ் சினிமா இவரை என்ன செய்தது? 1984இல் பதினான்கு வயதில் மலையாளத்தில் கதாநாயகியானார். அதே ஆண்டு தமிழில் கமல்ஹாசனோடு 'எனக்குள் ஒருவன்'. 1988இல் பாக்யராஜ் எழுதி நடித்த 'இது நம்ம ஆளு'. 1991இல் 'தளபதி'யின் சுப்புலட்சுமி. கடைசியாகச் சொன்னது அழகான பாத்திரம், ஆனால் படம் இரண்டு நண்பர்களுடையது. அவள் வந்து, மனத்தில் பதிந்து, வேறொருவரை மணந்து ஒதுங்கிக்கொள்ளவேண்டியவள். நடனம் தெரிந்த நடிகையை நாம் பாட்டுக்குத்தான் கூப்பிட்டோம். நடனத்தை வைத்து ஒரு மனத்தைத் திறக்கலாம் என்று அவருக்கு யாரும் கதை எழுதவில்லை. விருதுக் குழுவைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை. பார்ப்பதற்கு அவர்கள் முன்னால் படம் இருந்தால்தானே?

1994இல், அதாவது நாகவல்லி உச்சத்தில் இருந்தபோதே, சென்னையில் கலார்ப்பணா என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு படங்கள் மெல்லக் குறைந்தன. வருடத்துக்கு ஒன்று, சில வருடங்களுக்கு ஒன்று என்று ஆனது. நடிகைக்கு வாய்ப்பு குறைந்தால் நடனப் பள்ளி திறப்பார்கள் என்று நம்மூரில் ஒரு எண்ணம் உண்டு. இங்கே வரிசை நேர்மாறு. வாய்ப்பு குவிந்திருந்தபோது பள்ளி வந்தது.

நாட்டியமும் சினிமாவும் இரண்டிலும் கால் வைத்தவர்களுக்கு அங்கீகாரம் தருவதில் நம் அமைப்புகளுக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம். நடனத்துக்குச் சங்கீத நாடக அகாதமி தனி, சினிமாவுக்குத் தேசிய விருது தனி, இரண்டின் குழுக்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. வைஜயந்திமாலா சினிமாவை விட்டுவிட்டு முழுக்க மேடைக்குப் போனபிறகுதான் 1982இல் பரதநாட்டியத்துக்காக அகாதமி விருது பெற்றார். 2024இல் அவருக்குப் பத்ம விபூஷண். பத்ம விருதில் மட்டும் இந்தச் சுவர் கிடையாது. துறை என்ற கட்டத்தில் கலை என்று ஒரே சொல். நடிகையா நடனமணியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் ஷோபனாவின் பத்ம பூஷணை, மற்ற விருதுகளைவிட அவருடைய வாழ்க்கைக்குப் பொருத்தமான அளவில் தைத்த சட்டையாக நான் பார்க்கிறேன். தேசிய விருது அவருடைய நாட்டியத்தை நடிப்பு என்று பெயர் மாற்றித்தான் உள்ளே விட்டது.

2024 ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழ்' புதுப்பித்த பிரதியாக மறுபடி திரைக்கு வந்தது. படம் வெளியானபோது பிறந்தே இராத பிள்ளைகள் கட்டில் காட்சிக்குக் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மோகன்லாலுடன் ஷோபனா நடித்த 'துடரும்' வந்தது. நாகவல்லிக்கு வைத்தியம் பார்த்த அதே மோகன்லால், இப்போது கணவர். அந்தப் படத்துக்கும் ஷோபனாவுக்காக முழுவதும் டப்பிங் பேசி முடித்திருந்ததாகப் பாக்கியலட்சுமி பின்னர் வருத்தத்தோடு சொன்னார். திரையரங்கில் ஒலித்தது அவருடைய குரல் இல்லை. இந்த முறை ஷோபனாவே பேசியிருந்தார்.